காய்ந்த சுவர்

கிட்ட வந்து உக்காருங்க தம்பி. வாசல்ல எதுக்கு வெயிலுக்குள்ள நிக்கீங்க? இங்கன, இந்தச் சுவரோரமா வாங்க. சாஞ்சுக்கிடுங்க, ஒண்ணும் ஆகாது. போன ஐப்பசியில வந்திருந்தீங்கன்னா நானே சாயாதீங்கன்னு சொல்லியிருப்பேன். சட்டை முதுகெல்லாம் சுண்ணாம்பும் பூசணமுமா ஒட்டியிருக்கும். இப்ப உள்ளங்கையை வச்சுப் பாருங்க. வையுங்க, சும்மா. எப்படி இருக்கு? அடுப்படிச் சுவர் மாதிரி காஞ்சு கிடக்கா? அதைக் காய வச்சது நான்.

தெரியும், நீங்க தண்ணி வரலைன்னு பார்க்க வந்த ஆளு. பார்க்கலாம், தண்ணி எங்க போயிரப் போகுது. காப்பியைக் குடிங்க முதல்ல. தெருக்குழாயில நானே பிடிச்சுச் சுமந்துட்டு வந்த தண்ணியில போட்டது. இந்த வயசுல இடுப்புல குடத்தை வச்சுக்கிட்டு நடக்கேன் பாருங்க. மோட்டாரைப் போட்டா காத்துதான் இழுக்குது. மோட்டாரையே மாத்தியாச்சு, புது மோட்டாரும் காத்துதான் இழுக்குது. உங்க ஆபீஸ்ல எவனோ குறும்பு பண்ணுதான்னு நான் சொல்லுதேன். சரி, அது கிடக்கட்டும். சுவரைப் பத்திச் சொல்லிட்டு அதுக்கு வாறேன். ஒரு சுவருக்கு என்ன சீக்குன்னு கண்டுபிடிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை.

இது ஒரே வீடுதான், எங்க மாமனார் கட்டினது. அவர் போனதுக்குப் பெறகு அண்ணன் தம்பிக்குள்ள ரெண்டா வகுந்துக்கிட்டாக. கிழக்கே நாங்க, மேற்கே கொழுந்தன் குற்றாலிங்கம். நடுவுல இருக்கிறது இந்த ஒத்தைச் சுவர். அந்தப் பக்கம் தும்மினா இந்தப் பக்கத்துலேருந்து நூறுன்னு சொல்லலாம், அவ்வளவுதான் கனம். தெருப்பைப்பு மேற்குப் பக்கமாத்தான் உள்ளே நுழையும். அங்க வாசப்படிக்கு உள்ளாற ஒரு பலகைக்கல் கிடக்கும், அதுக்கு அடியில ஓடி, அங்கேருந்து ஒரு கிளை நம்ம பக்கம் வரும். நம்ம மோட்டார் அதை இழுத்து மேல மாடித் தட்டட்டியில இருக்கிற தொட்டிக்கு ஏத்தும். பைப்பு ரெண்டு பேருக்கும் பொதுன்னு அப்பவே பேசினது.

என்ன தம்பி எழும்புதீங்க? உக்காருங்க. அந்த வீடு பூட்டிக் கிடக்கு. சாவி ஆவுடைகிட்ட இருக்கு. வாறேன், அவகிட்டதான் வாறேன்.

ஆவுடை கொழுந்தன் பெஞ்சாதி, எனக்கு ஓரகத்தி. பிள்ளை குட்டி கிடையாது. குற்றாலிங்கம் ஒருநா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இந்தச் சுவர்ல, அந்தப் பக்கமா, சாஞ்சு உக்காந்தான். எழும்பல. அப்புறம் இவ கிரைண்டர் வாங்கிப் போட்டு, மாவு அரைச்சு, தெருவுக்கெல்லாம் வித்தா. சும்மா சொல்லக்கூடாது, அவ மாவுல இட்லி அவிச்சா பஞ்சு மாதிரி இருக்கும். நானும் அவகிட்டதான் வாங்குவேன். வாங்குவேன்னு எப்படிச் சொல்ல, தங்கச்சி மாதிரி வச்சிருந்தேன், எடுத்துக்கிடுவேன்.

இந்தா இந்தக் கதவைத் திறந்து உள்ள பாருங்க. பாத்ரூம். டைல்ஸ்ல மயிலு தெரியுதா? மவன் குவைத்துலேருந்து பெஞ்சாதி பிள்ளையோட வருதான்னு கட்டினது. மருமகளுக்குக் கொல்லைப்பக்கம் போய்ப் பழக்கம் இல்லையாம். பைப்பு வெளியே தெரிஞ்சா லாட்ஜ் மாதிரி இருக்கும்னு மவன் போன்லயே சொல்லிட்டான். அதனால தட்டட்டித் தொட்டியிலேருந்து இறங்குற பைப்பைச் சுவரை வெட்டி உள்ள புதைச்சுப் பூசியாச்சு. எந்தச் சுவரா? இந்தச் சுவர்தான். பொதுச்சுவர்னா பாதி என்னுதுதான? மவன் வந்தான், இருந்தான், போயிட்டான். நானும் எங்க வீட்டு அவுகளும் இன்னைக்கும் கொல்லைக்குத்தான் போறோம். அது பாட்டுக்கு இருக்கு. விருந்தாளி வந்தா கதவைத் திறந்து காட்டுவேன், பூட்டிருவேன்.

அந்த வருசம் மழைக்குத்தான் ஆரம்பிச்சுது. முதல்ல ஆவுடை வந்து சொன்னா, அவ பக்கம் சுவர் ஊறுதுன்னு. மழைன்னா ஊறத்தான செய்யும், குற்றாலத்துச் சாரல் இங்க வரைக்கும் அடிக்கிற ஊரு, சுவர் ஊறாம சுள்ளுன்னா இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டேன். அவ தலையாட்டிட்டுப் போனா. மழை விட்டுது, வெயில் வந்துது, அப்பவும் ஊறுதுன்னா. உன் பக்கம் வெயில் வராதுன்னேன். அவ பக்கம் ஊறுறவரைக்கும் அது ஒரு சீக்கா எனக்குத் தெரியலை தம்பி, உண்மையைச் சொல்லுதேன். அப்புறம் ஒருநா இந்தப் பக்கம் பார்க்கேன், பெயிண்டு அப்பளம் மாதிரி பொரிஞ்சு நிக்குது. விரலை வச்சா பொலுபொலுன்னு உதிருது. அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது, அடடா, இவ ஏதோ பண்ணுதான்னு.

ஒரு கொத்தனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் கரண்டிக் காம்பால அங்கன தட்டினான், இங்கன தட்டினான். தரையிலேருந்து ஏறுற ஓதம்னா இடுப்புக்கு மேல வராது ஆச்சி, இது தோள் உயரத்துல ஆரம்பிச்சுக் கீழ இறங்குது, உங்க பாத்ரூம் டைல்ஸை ரெண்டு உடைச்சுப் பார்க்கணும்னான். எப்படி இருக்கு கதை? மயிலை உடைக்கணுமாம். எந்திரிச்சுப் போடான்னுட்டேன். இன்னொருத்தனைக் கூட்டிட்டு வந்தேன். அவன் வேலை தெரிஞ்சவன். பக்கத்து வீட்டு அங்கணத்துத் தண்ணிதான இப்படிச் சுவர்ல ஏறுதுன்னு கேட்டேன், ஆமா ஆச்சி அப்படித்தான்னு உடனே சொன்னான்.

அங்கணம்னா, அடுக்களையில பாத்திரம் கழுவுற பள்ளம். அவளோடது இந்தச் சுவரை ஒட்டித்தான். எங்க மாமனார் காலத்துலேருந்து அங்கதான் இருக்கு, ஆனா மாமனார் காலத்துல கிரைண்டர் கிடையாதுல்ல? அரிசி களைய, உளுந்து களைய, கல்லைக் கழுவன்னு நாள் முழுக்கத் தண்ணி. நான் எங்க வீட்டு அவுககிட்டச் சொன்னேன். அவுக, பார்ப்போம் பார்ப்போம்னாக. எதைச் சொன்னாலும் பார்ப்போம்தான். அப்புறம் நானே அந்த ரெண்டாவது கொத்தனைக் கூட்டிட்டுப் போய், அங்கணத்தை அடைச்சு, அதுக்கு மேல இருந்த அவ தண்ணிக்குழாய் வாயிலயும் சிமெண்டை வச்சுப் பூசிட்டு வந்தேன். ஆவுடை வாசப்படியில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. அக்கா, நான் எங்க பாத்திரம் கழுவன்னு மட்டும் கேட்டா. தெருவுல சாக்கடை வாறுகால் ஓடுது, அது எதுக்கு இருக்குன்னேன்.

இதுல ஒண்ணு கவனிக்கணும் தம்பி. பைப்பு அவ வாசப்படிக்குக் கீழதான் ஓடுது, அதுல நான் கை வைக்கலை. நமக்குத் தண்ணி வரணும்லா. அவ குழாயை மட்டுந்தான் அடைச்சேன். எதையும் அளவாச் செய்யணும்.

அப்புறம் அவ தெருக்குழாயில பிடிச்சுச் சுமந்து, வாறுகால் ஓரத்துல குத்தவச்சுப் பாத்திரம் விளக்குவா. போறவன் வர்றவனெல்லாம் பார்ப்பான். ஒருநா வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிட்டு. நான்தான் நல்லெண்ணெய் காய்ச்சி நீவி விட்டேன். எனக்கு மனசு அப்படி. நீவி விடையிலயே சொன்னேன், ஏட்டி, இந்தக் கையை வச்சுக்கிட்டு இனிமே கல்லைத் தூக்கிக் கழுவ முடியாது, கிரைண்டரைக் கொடுத்துருன்னு. வித்துட்டா. எனக்கும் அதுலேருந்து மாவு கிடையாது பாருங்க, கடைப் பாக்கெட்தான். நஷ்டம் எனக்கும்தான்.

சுவர் காஞ்சுதான்னு கேளுங்க. காயலை. அதுக்கு முன்னாலயாவது ஊறிக்கிட்டு இருந்துச்சு, இப்ப வேர்க்க ஆரம்பிச்சுட்டு. கிட்டப் போய் நின்னா ஈரச்சாக்கு வாசம். வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்து நிக்குது. நான் எதையும் பாதியில விடுற ஆளு இல்லை. உக்காந்து யோசிச்சேன். அங்கணம் இல்லை, கிரைண்டர் இல்லை, குழாய் இல்லை. அவ வீட்டுல வேற தண்ணி ஏது? அந்த உப்பை விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பார்த்தேன். கரிச்சுது. அப்பதான் எனக்குப் பிடிபட்டுது. கண்ணீர்.

சிரிக்காதீங்க தம்பி. அவ புருசன் செத்த இடத்துலயே, இந்தச் சுவர்லதான் சாஞ்சு உக்காந்திருப்பா. விளக்கு வச்ச பெறகு மூக்கை உறிஞ்சுற சத்தம் இங்க எனக்குக் கேக்கும். வருசக்கணக்கா ஒருத்தி ஒரே இடத்துல அழுதா சுவர் என்ன செய்யும், கல்லா அது? சுண்ணாம்புதான, குடிக்கத்தான் செய்யும். நேரே போய்ச் சொன்னேன், ஏட்டி ஆவுடை, அழணும்னா கொல்லைப்பக்கம் போய் அழு, என் சுவர்ல அழாதன்னு.

அவ என்ன செஞ்சா தெரியுமா? எந்திரிச்சுப் போய் ஆணியில மாட்டியிருந்த கொழுந்தன் போட்டோவைக் கழட்டிக் கொண்டாந்து என் கையில கொடுத்தா. கண்ணாடிக்குள்ள ஓதம் போய், முகம் முழுக்கப் பூசணம் தின்னுட்டு. காதும் காலரும் மட்டும் மிச்சம். எனக்கு இது ஒண்ணுதான்க்கா இருந்துச்சுன்னா. உயிரோட இருக்கையிலயும் அவன் முகம் அப்படித்தான இருந்துச்சுன்னேன், அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். சிரிக்கலை. எங்க வீட்டு அவுகளும் பின்னாலயே வந்திருக்காக, எனக்குத் தெரியாது. அவுக அந்தப் போட்டோவை வாங்கிப் பார்த்துக்கிட்டே நின்னாக. தம்பி மேல பாசம். அன்னைக்குச் சாயங்காலம் சாப்பிடலை. அதுக்கும் காரணம் யாரு, அவதான்.

இனிமேதான் விஷயம் இருக்கு.

ஒருநா காலையில ஆவுடை குடத்தோட நம்ம வாசலுக்கு வந்தா. குழாயை அடைச்சதுலேருந்து நம்ம படி ஏறாதவ. தெருக்குழாயில இன்னைக்குத் தண்ணி வரலைக்கா, உங்க தட்டட்டித் தொட்டியிலேருந்து ஒரு குடம் மோந்துக்கிடட்டுமான்னு கேட்டா. எனக்கு எரக்கமாப் போச்சு. போய் எடுத்துக்கோட்டின்னேன். ஏறிப் போனா, நிறை குடத்தோட இறங்கி வந்தா. போகையில முந்தானையில ஏதோ பொட்டணம் மாதிரி முடிஞ்சிருந்துச்சு. வரையில அது இல்லை. நான் கவனிச்சேன், ஆனா நல்ல மனசுக்கு அதெல்லாம் எங்க தோணுது.

மறுநா தொட்டித் தண்ணி இறங்குற கொல்லைக்குழாயில எங்க வீட்டு அவுக வேட்டியை அலசினேன். வேட்டி என்னா வெளுப்புங்கீங்க. நம்ம கைராசின்னு நினைச்சேன். அப்புறம் சோத்துக்குத் தண்ணி பிடிக்கையில பார்த்தா, பானைக்குள்ள வானம் தெரியுற மாதிரி நீலம். ஒரு நிமிசம் கண்ணுதான் கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன். அவுகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். துணிக்குப் போடுற நீலம்னாக. யாரு போட்டான்னு நான் கேக்கலை, எனக்குத் தெரியும். நல்லவேளை, நாங்க குடிக்கலை.

கேளுங்க, அது மட்டுமில்லை. அடுத்த நாளே இந்தா, நீங்க சாஞ்சிருக்கீங்கள்ல, உங்க தலைக்கு நேரே, அங்கன ஒரு நீலப் பொட்டு. மறுநா உள்ளங்கை அகலம். அப்படியே கீழ இறங்கி விரிஞ்சுது, சொன்னா நம்ப மாட்டீங்க, பாத்ரூம்ல இருக்கிற அந்த மயிலே சுவருக்குள்ள நடந்து வந்த மாதிரி. அந்தப் பக்கமும் அப்படியேன்னு சொன்னாக. வெள்ளையடிச்சு மறைச்சிருக்கேன், உத்துப் பாருங்க, இப்பவும் லேசாத் தெரியும். எவ்வளவு கெட்ட மனசா இருந்தா தொட்டியில கலந்தது சுவர் வரைக்கும் வந்து நிக்கும்.

விடுவேனா? சொந்தக்காரங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். எங்க பெரிய மாமா அருணாசலம், அவருதான் அந்தக் காலத்துல பங்கு பிரிச்சு வச்சவரு, அவரும் வந்தாரு. ஆவுடையைக் கூப்பிட்டு நடுவுல நிறுத்தியாச்சு. மாமா கேட்டாரு, ஏம்மா, நீயா இதைச் செஞ்சேன்னு. இல்லைன்னு சொல்லுவா, சாமி சத்தியம் வாங்கலாம்னு நான் சூடம்கூட எடுத்து வச்சிருந்தேன்.

"ஆமா மாமா, அக்கா வீட்டுத் தொட்டியிலதான் கரைச்சேன்"ன்னா. "என் வீட்டுலதான் ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே, நான் வேற எதுல கரைக்க?"

அவ்வளவுதான். சொல்லிட்டுச் சுவரைப் பார்த்தா. மாமாவும் சுவரைப் பார்த்தாரு. எல்லாரும் சுவரைப் பார்த்தாக. அவ திமிரைப் பார்த்து எல்லாருக்கும் நாக்கு மேல ஒட்டிக்கிட்டு. மாமா மெதுவா, ஏ ஒலகம்மா, அந்தப் பைப்பைன்னு என்னமோ ஆரம்பிச்சாரு. பைப்பு என்ன மாமா பண்ணும், கலந்தது கையில்லான்னேன். குடிக்கிற தண்ணியில கை வச்சவளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்க, இன்னைக்கு நீலம், நாளைக்குப் பாலிடால்னு கேட்டேன்.

எங்க வீட்டு அவுக தூணோரமா நின்னுக்கிட்டு இருந்தாக. நீங்களே சொல்லுங்கன்னேன். ஆவுடை அவுக பக்கம் திரும்பினா. கல்யாணமாகி இங்க வந்ததுலேருந்து அவ அவுககூட நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததில்லை, மரியாதை தெரிஞ்சவதான் அதுல. "அத்தான், உங்களுக்கும் தெரியலையா?"ன்னு கேட்டா.

அவுக குனிஞ்சு, தரையில உதிர்ந்து கிடந்த சுண்ணாம்புத் துண்டு ஒண்ணை எடுத்தாக. விரலால நசுக்கினாக. நீல நீலமா ஒட்டுச்சு. வேட்டியில துடைச்சுக்கிட்டு, தொட்டியில கலந்தது தப்புதான்னாக. அம்புட்டுதான் சொன்னாக. எனக்கு அது போதும். வாழ்க்கையில ஒரு தடவையாவது என் பக்கம் பேசினாகளே.

அதுக்குப் பெறகு நான் ஒண்ணும் அவளைப் போகச் சொல்லலை. யாரும் சொல்லலை. பேச மட்டும் செய்யலை, தெருவுலயும் பேச வேண்டாம்னு சொல்லி வச்சிருந்தேன். திருப்பூர்ப் பக்கம் ஏதோ சமையல் வேலை இருக்குன்னு அவளாத்தான் கிளம்பினா. வீட்டை எங்களுக்கே எழுதிக் கொடுத்துட்டுப் போன்னேன், மவன் வந்தா வச்சுக்கிடுவான்னு. இருக்கட்டும்க்கா, பூட்டியே கிடக்கட்டும்னுட்டா. புருசன் வீடுன்னு ஒரு இது.

கேளுங்க தம்பி, அவ போனது கார்த்திகைக் கடைசி. மார்கழிப் பனியிலேயே சுவர் காய ஆரம்பிச்சுட்டு. மேலேருந்து கீழே, மேலேருந்து கீழேன்னு வெளுத்துக்கிட்டே வந்துச்சு. பொங்கலுக்கு வெள்ளையடிச்சேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு பொரி இல்லை. தெருவுல எல்லாரையும் கூட்டிட்டு வந்து தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இப்ப சொல்லுங்கட்டி, யாரால ஊறுச்சுன்னு. ஒருத்தியும் எதிர்த்துப் பேசலை. தொட்டுப் பார்த்துட்டு, ஆமா காஞ்சுட்டு ஒலகம்மான்னு சொல்லிட்டு, காலியாக் கிடக்கிற என் குடத்தைப் பார்த்துக்கிட்டே போறாளுக. என்ன பொறாமையோ.

தண்ணிதான் அந்த வாரத்துலேருந்தே நின்னு போச்சு. அவ வயித்தெரிச்சலா இருக்கும், ஒரு நல்லது நடந்தா ஒரு கெட்டது நடக்கத்தான செய்யுது. எங்க வீட்டு அவுககிட்ட ஆபீஸுக்குப் போய்ச் சொல்லுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இருக்கட்டும் ஒலகு, சுமந்தே குடிப்போம்ங்காக. அவுகளும்தான் விடியக்காலம் குடத்தைத் தூக்கிக்கிட்டுப் போறாக. வாறுகால் பக்கம் போனா மட்டும் கொஞ்ச நேரம் நின்னுட்டு வருதாக. வயசாகுதுல்ல, மூச்சு வாங்குது. அப்புறம் நான்தான் அவுகளுக்குத் தெரியாம உங்க ஆபீஸுக்கு ஆள் அனுப்பினது.

என்ன கேக்கீங்க? அவ கிளம்புற அன்னைக்கு என்ன செஞ்சாள்னா? அதைக் கேட்டு உங்களுக்கு என்ன ஆகணும்? சரி, சொல்லுதேன். இதைச் சொன்னாத்தான் நான் சொன்னது பூராம் நிசம்னு உங்களுக்கு விளங்கும்.

ஒரு தகரப்பெட்டி, அந்தப் போட்டோ, அவ்வளவுதான் அவ சாமான். வாசல்ல வச்சா. நான் இந்த ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அவளும் என்னைப் பார்த்தா. வையாம போக மாட்டா, மண்ணை வாரித் தூத்துவான்னு நினைச்சேன். சிரிச்சா தம்பி. நல்லாச் சிரிச்சா. "அக்கா, இனிமே உங்க சுவர் காஞ்சிரும்"ன்னா.

பார்த்தீங்களா? தன் வாயாலயே ஒத்துக்கிட்டா. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

சொல்லிட்டுத் திரும்ப உள்ளே போனா. வாசப்படிக்கு உள்ளாற இருக்கிற அந்தப் பலகைக்கல்லை, பிசகின கையோட, மூச்சைப் பிடிச்சு நகட்டினா. சரிதான், கொழுந்தனுக்குத் தெரியாம நகை எதையோ புதைச்சு வச்சிருக்கா, எடுத்துட்டுப் போறான்னு நான் ஜன்னல் கம்பியில முகத்தை அழுத்திக்கிட்டுப் பார்த்தேன். முழங்கை மட்டும் கையை உள்ளே விட்டா. எதையோ பிடிச்சுத் திருகினா. பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திருகினா, இதுக்கு மேல போகாதுங்கிற வரைக்கும் திருகினா. கையை வெளியே எடுத்தா, வெறுங்கை. கல்லைப் பழையபடி போட்டு, அது மேல ஏறி நின்னு ஆடுதான்னு ஒரு தடவை மிதிச்சுப் பார்த்தா. அப்புறம் கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டா.